கனத்தையிலிருந்து தோட்டவெளி வரை

பொரளைக் கனத்தை மயானத்தில் கல்லறைப் பெயர்களை வாசித்தபடி நடந்தால், இலங்கையின் மத வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அங்கேயே கண்ணில் பட்டுவிடும். பெர்னாண்டோ, பெரேரா, டி சில்வா, டயஸ், மென்டிஸ். சிலுவை நாட்டிய கல்லறைகளிலும் இந்தப் பெயர்கள்தான், தர்மச்சக்கரம் செதுக்கிய கல்லறைகளிலும் இதே பெயர்கள்தான். நானூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு பாட்டன் போர்த்துக்கீசப் பாதிரியாரின் முன்னால் தலையைக் குனிந்து தண்ணீர் வாங்கினான். ஞானத்தகப்பனின் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். பின்னால் வந்தவர்களில் பலர் பழைய மதத்துக்கே திரும்பிவிட்டார்கள். பெயர் மட்டும் காணி உறுதிகளிலும் கல்யாணப் பதிவுகளிலும் தங்கிவிட்டது.

இந்த மயானத்தைத் தமிழ் வாசகர் வேறு விதமாகத்தான் முதலில் நினைப்பார். 1983 ஜூலை 24ஆம் தேதி மாலை, கறுப்பு ஜூலையின் முதல் கூட்டம் திரண்டது இங்கேதான். அந்த நினைவு இல்லாமல் கனத்தைக்குள் நடக்கத் தமிழர் எவராலும் முடியாது. ஆனால் கல்லறைப் பெயர்கள் கிளப்பும் கேள்வி அதைவிடப் பழையது. ஒரு மக்கள் கூட்டம் தன் தெய்வத்தை மாற்றிக்கொள்ளும்போது உண்மையில் மாறுவது எது? சிலருக்கு அது பெயரோடு நின்றுவிட்டதே, வேறு சிலருக்கு ஏன் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு உள்ளே இறங்கியது?

பொரளையிலிருந்து கொட்டாஞ்சேனை, நீர்கொழும்பு, சிலாபம், மடு, மாந்தை, மன்னார் என்று வடக்கே போகும் பயணம் இந்தக் கேள்வியைப் பின்தொடர்வதற்கு ஏற்றது. வடக்கே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகிறது. புறப்படும் இடத்தில் இன்றைய கொழும்பு. முடியும் இடத்தில் 1544ஆம் ஆண்டின் மணல்.

*

முதலில் நிற்க வேண்டிய இடம் வுல்பெண்டால். புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவே மேட்டில் இருக்கும் ஒல்லாந்தர் தேவாலயம். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். சுவர்கள் கோட்டைச் சுவர் போலத் தடித்தவை. தரையில் ஒல்லாந்த அதிகாரிகளின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கறுப்புக் கல், ஆழமாக வெட்டிய எழுத்து, குடும்பச் சின்னம். ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே கூட்டம் கொஞ்சம்தான்.

அந்த வெறுமைக்குக் காரணம் உண்டு. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை போட்டார்கள். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்து, தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதினார்கள். தோம்பில் பெயர் இல்லாவிட்டால் சொத்துரிமைக்கு வில்லங்கம், அரசாங்க உத்தியோகமும் இல்லை. ஆகவே பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். ஏட்டுக் கணக்கின்படி பார்த்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி சீர்திருத்தச் சபையைச் சேர்ந்ததாகிவிட்டது. 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் போயிற்று, அந்தச் சபையும் சில வருடங்களுக்குள் கரைந்துவிட்டது. நூற்றுமுப்பது வருட ஆட்சியும் சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து செய்ய முடியாததை, அதே காலத்தில் கால்நடையாகத் திரிந்த ஒரு சில கோவாக் குருமார் செய்துவிட்டார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு மடுவில் வரும்.

வுல்பெண்டாலிலிருந்து இறங்கினால் கொட்டாஞ்சேனை. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தூரத்திலிருந்தே தெரியும். கண் நோய்க்காரருக்கு லூசியாள் துணை என்பது நம்பிக்கை. கொஞ்சத் தூரத்தில் பொன்னம்பலவாணேசுவரம். பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பிய சிவன் கோயிலை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். இன்னொரு பக்கம் தீபதுத்தாராமய விகாரை. பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களை எதிர்த்துப் பேசிய மொஹொட்டிவத்தே குணானந்த தேரர் அங்கேதான் இருந்தார். மூன்று மதமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த ஊரில் 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். ஆங்கிலேய ஆட்சியின் விசாரணையில் நியாயம் கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் தங்களுக்குத் துணைநின்ற அமெரிக்கரான கேணல் ஒல்கொட்டை லண்டனுக்கு அனுப்பினார்கள். வெசாக் பௌர்ணமி 1885இல் அரச விடுமுறையானது அந்த முயற்சியின் பலன்களில் ஒன்று. மத மாற்றம் என்பது மாறியவனோடு முடிந்துவிடுகிற சங்கதியல்ல. மாறாமல் இருந்தவனையும் அது மாற்றிவிடுகிறது.

பக்கத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவதென்றால் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள் தமிழும் சிங்களமும் கலந்து கூப்பிடுவார்கள். உள்ளே கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார், கையில் குழந்தை இயேசு. வரிசையில் வருகிறவர்கள் கண்ணாடியைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நெற்றியில் திருநீறும் பொட்டும் வைத்த பெண்கள் அந்த வரிசையில் தாராளமாக உண்டு. வெள்ளைச் சேலை கட்டிய பௌத்தத் தாய்மாரும், சில சமயம் தலையில் முக்காடிட்டவர்களும் உண்டு. ஒருவரையும் ஒருவரும் என்ன மதம் என்று கேட்பதில்லை. பிள்ளை வரம், காணாமற்போன நகை, வழக்கு, வெளிநாட்டு விசா என்று கேட்க வந்த காரியம் ஒவ்வொருவருக்கும் ஒன்று.

கோயில் பிறந்த கதையும் அப்படிப்பட்டதுதான். ஒல்லாந்தர் காலத்தில் கொச்சியிலிருந்து வந்து மறைந்து திரிந்த அந்தோனியோ என்ற குருவானவரைச் சிப்பாய்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரப் பக்கத்து மீனவர்கள் அவரிடம் ஓடிவந்து, கடல் கரையை அரித்துக்கொண்டு வருகிறது, நிறுத்தினால் காப்பாற்றுகிறோம், உங்கள் சமயத்தையும் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்களாம். அவர் கரையில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது ஐதீகம். நடந்ததா என்று ஆராய்வதைவிட அந்த மீனவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனிப்பது நல்லது. ஆன்ம ஈடேற்றம் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கரையைத்தான் கேட்டார்கள். தெய்வத்திடம் கரையோர மக்கள் எப்போதும் கேட்டுவந்தது அதைத்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இந்தக் கோயிலுக்குள் தற்கொலைக் குண்டு வெடித்தது. அதே காலை நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் தமிழர் பலர். ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாளே கோயிலைத் திருத்தித் திரும்பத் திறந்தார்கள். வரிசையும் திரும்பியது, அதே கலவையோடு.

*

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையோரத்தில் சந்திக்குச் சந்தி புனிதர்களின் சுரூபம், கண்ணாடிக் கூடு, மின்விளக்கு. சின்ன ரோமாபுரி என்று நீர்கொழும்பைச் சொல்வது சும்மா இல்லை. இங்குள்ள மீனவக் குடும்பங்களில் இன்று பெரும்பாலானோர் சிங்களவர் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டாலும், வயதானவர்கள் சிலர் வீட்டிலும் வள்ளத்திலும் பேசும் தமிழை மொழியியலாளர்கள் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். மொழி மாறியும் மதம் நின்றது இங்கே. கனத்தையில் கண்டதற்கு நேர் எதிர்.

சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம். இந்தச் சிவாலயத்தை 1578இல் போர்த்துக்கீசர் இடித்தார்கள். கண்டி அரசன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் திருப்பணி செய்து மானியம் கொடுத்தான். பௌத்த சாசனத்தைத் தூக்கி நிறுத்தியவன் என்று பேர்பெற்ற அதே அரசன்தான். இடிப்பு முன்னேஸ்வரத்தோடு நிற்கவில்லை. தெற்கே தெவிநுவரையில் 1588, நல்லூரில் 1621, திருகோணமலைக் கோணேசர் கோயில் அதற்குப் பிறகு சில வருடங்களில். இடித்த கற்கள் பல இடங்களில் கோட்டைக்குப் போயின. இதைச் சொல்லாமல் இலங்கைக் கிறிஸ்தவத்தின் கதையை யாரும் எழுதக் கூடாது. வேதசாட்சிகளின் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிற வாய் இடிந்த கோபுரங்களையும் பேச வேண்டும்.

கோயில்களை இடிக்காமலே இந்தச் சமயம் பரவிய அயர்லாந்தின் நினைப்பு இந்த இடத்தில்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தவருக்கு அயர்லாந்து அவ்வளவு அந்நியமல்ல. 1850இல் தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் பின்னால் அந்த நாட்டுப் புனிதரின் பெயரைச் சூடிச் சம்பத்திரிசியார் கல்லூரியாயிற்று. அந்தப் பத்திரிசியாரின் கதை வேறு மாதிரி. ஐந்தாம் நூற்றாண்டில் பிரித்தானியாவிலிருந்து பதினாறு வயதில் கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டுபோய் அயர்லாந்தில் அடிமையாக விற்ற பையன். ஆறு வருடம் ஆடு மேய்த்தான், தப்பினான், குருவாகித் திரும்பி வந்தான். அவருக்கு முன்னரே, 431இல், போப்பாண்டவர் செலஸ்தீன் பல்லாதியுஸ் என்ற ஆயரை அங்கே அனுப்பியிருந்தார். பத்திரிசியார் தமது கைப்பட எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் சிற்றரசர்களுக்கு வெகுமதி கொடுத்ததையும் அரசகுமாரர்களைச் சம்பளம் கொடுத்துத் தம்மோடு கூட்டிக்கொண்டு திரிந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறார். அரசன் இணங்கினால் குலம் இணங்கும். அந்தக் கணக்கு அயர்லாந்திலும் மன்னாருக்கு எதிர்க்கரையான முத்துக்குளித்துறையிலும் ஒன்றுதான்.

வேறுபாடு எங்கே என்றால், அயர்லாந்துக்குப் போன சமயத்துக்குப் பின்னால் கப்பற்படை போகவில்லை. ரோமச் சேனை அந்தத் தீவில் ஆட்சி நிறுவியதே இல்லை. ஆகவே பழைய தெய்வங்களை ஆள் வைத்து இடிக்க முடியவில்லை, பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பிரிஜித் என்ற பழைய பெண்தெய்வத்தின் பெயரிலேயே ஒரு புனிதை வந்தாள். வசந்தம் பிறக்கும் பழைய பண்டிகை நாளான பெப்ரவரி 1 அவளுடைய திருநாளாயிற்று. கில்டேரில் அவளுடைய மடத்தில் கன்னியர் அணையாமல் காத்த நெருப்பைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த பயணி ஒருவர் எழுதியிருக்கிறார். அறுவடைப் பண்டிகைக் காலத்தில் ஏறிய மலையில் இன்றும் ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் பத்திரிசியார் பெயரைச் சொல்லி ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. கிணற்றடி மரங்களில் துணி முடிகிறார்கள். பழைய வீரர் கதைகளை ஓலையும் ஏடும் இல்லாத நாட்டில் முதன்முதல் தோலில் எழுதி வைத்தவர்கள் யார்? கிறிஸ்தவத் துறவிகள்தான்.

*

மடு வீதிச் சந்தியிலிருந்து உள்ளே திரும்பியதும் காடு தொடங்கிவிடும். பாலை, வீரை, முதிரை. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு, அதாவது ஜூலை 2க்கும் ஓகஸ்ட் 15க்கும், இந்தக் காட்டுக்குள் ஒரு நகரமே முளைக்கும். மரத்துக்கு மரம் கூடாரம், கல் அடுப்பு, நாட்கணக்காகத் தங்கிச் சமையல். நீர்கொழும்புச் சிங்களக் குடும்பம் ஒரு மரத்தடியில் நெத்தலி பொரிக்க, பக்கத்து மரத்தடியில் பண்டத்தரிப்புக் குடும்பம் பிட்டு அவிக்கும். கொடியேற்றம், நவநாள், வேஸ்பர், கூடு தூக்கி வரும் சுற்றுப்பிரகாரம். நேர்த்திக்கு முழந்தாளில் நகர்ந்து வருகிறவர்கள். திரும்பும்போது கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொள்கிறார்கள். மடு மண் வீட்டில் இருந்தால் பாம்பு தீண்டாது, தீண்டினாலும் விஷம் ஏறாது என்பது சைவருக்கும் பௌத்தருக்கும் கூட உள்ள நம்பிக்கை. அயர்லாந்தில் பாம்பையெல்லாம் பத்திரிசியார் கடலுக்கு விரட்டினார் என்று கதை. மருதமடுவில் பாம்பு காட்டிலேயே இருக்கிறது, மாதா அதன் விஷத்துக்குக் காவலாக நிற்கிறாள். சிங்கள பௌத்தர்களில் ஒரு சாரார் அவளைப் பத்தினித் தெய்வமாகவே கும்பிட்டு வந்திருக்கிறார்கள். கண்ணகியின் இன்னொரு வடிவம் என்று நினைத்தால் அந்தக் காட்டில் அது பொருந்தாமலும் போகாது.

சொரூபம் இங்கே வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒல்லாந்தர் தேடுதலுக்குப் பயந்து 1670 அளவில் மாந்தைக் கோயிலிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தன. கண்டி அரசின் எல்லைக்குள் வந்துவிட்டால் ஒல்லாந்தர் கை எட்டாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குரு இல்லை, பூசை இல்லை, கோயில் இல்லை. செபமாலையும் மனப்பாடமாக இருந்த மந்திரங்களும் ஒரு சொரூபமும்தான் இருந்தன.

அந்த நிலையில் 1687இல் கோவாவிலிருந்து ஒருவர் வந்தார். யோசேவாஸ் அடிகளார். கொங்கணிப் பிராமண வம்சத்துக் கத்தோலிக்கர், ஐரோப்பியர் அல்லர். கூலிக்காரன் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறி, புயலில் அலைந்து, பட்டினியும் நோயுமாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு முகம் மாறியவர்கள் யார் என்று பார்த்தார். சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார். பிறகு புத்தளம், அதன்பின் 1692இல் கண்டி. போர்த்துக்கீச ஒற்றன் என்று நினைத்து இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையில் போட்டான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, பெற்ற பிள்ளையையே காட்டில் போட்டுவிட்டு ஓடிய நேரத்தில் அவரும் அவர் கூட்டாளியும் நோயாளிகளைத் தூக்கிக் கழுவி உணவூட்டினார்கள். அரசனின் மனம் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

வாஸ் அடிகளாருக்குப் பின்னால் அந்தப் பணியைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் கொண்டுவந்தவர் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ், தமிழ்க் கத்தோலிக்கரின் சாங்கோபாங்க சுவாமிகள். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தபசு காலத்தில் ஊர்க்கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. இறந்த வீட்டில் கேட்கும் குரல் அதில் இருக்கிறது. மகனை இழந்த தாயின் துக்கத்தை ஒப்பாரியாகச் சொன்னால் மன்னாரில் எந்தப் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படாது.

போர்த்துக்கீசர் காலத்தில் கத்தோலிக்கராக இருப்பதில் ஆதாயம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதே பெயருக்குக் கசையடியும் அபராதமும் கிடைத்தன. ஆதாயத்துக்கு வந்தவர்கள் அப்போது போய்விட்டார்கள், அவர்களில் சிலர்தான் கனத்தையின் பெயர்களாக நிற்கிறார்கள். காட்டுக்குள் சொரூபத்தைத் தூக்கிப் போனவர்களுக்கு அதை யாரும் கொடுத்ததாகத் தோன்றவில்லை, அவர்களுடையதாகவே ஆகிவிட்டிருந்தது. அவர்களை நடத்தியவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார் அல்லர். ஊர் மூப்பரும் அண்ணாவியாரும், பிறகு கோவாவிலிருந்து வந்த கறுத்த சுவாமிமாரும். இலங்கையில் கத்தோலிக்கம் வேர்பிடித்தது, அதற்கு ஆட்சி இருந்த காலத்தில் அல்ல, ஆட்சி பறிபோன காலத்தில்தான். ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் தடைகளை நீக்கியபோது, அது ஏற்கெனவே பிழைத்துக்கொண்ட சமயமாக இருந்தது.

மாதா இன்னொரு முறையும் இடம்பெயர்ந்தாள். 1999 நவம்பரில் கோயில் வளவில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மேல் எறிகணை விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சொரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட் மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

*

மடுவிலிருந்து மன்னார் போகும் வழியில் முருங்கனைத் தாண்டி வயல்வெளி முடியும் இடத்தில் மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், பாலாவித் தீர்த்தக்கரை. போர்த்துக்கீசர் காலத்தில் இடிந்து, கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போனதாகச் சொல்லப்படும் தலம். இடம் எது என்பதே மறந்து காடு மூடிக் கிடந்ததை, ஆறுமுக நாவலர் 1872இல் எழுதி நினைவூட்டினார். இருபது வருடத்துக்குப் பின் சைவர்கள் நிலத்தை வாங்கி, மண்ணைத் தோண்டிப் பழைய கோயிலின் இடத்தைக் கண்டார்கள். 2022 ஜூலையில் முழுக் கருங்கல் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது. புதிய தூண்களில் உளிப்பட்ட இடம் இன்னும் சாம்பல் நிறம் மாறாமல் கிடக்கிறது. பிரகாரத்தில் கால் வைத்தால் கல் சுடுகிறது.

மடு மாதா புறப்பட்ட மாந்தையும் இதே சுற்றாடல்தான். ஒரே மண்ணில் இரண்டு இழப்பு, இரண்டும் தமிழருடையது. 2019 சிவராத்திரிக்கு முன், கோயில் வீதியில் வைத்த வளைவு ஒன்றைப் பற்றிச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் சச்சரவு வந்து வளைவைப் பிடுங்கி எறிந்தார்கள். மடுவில் பாம்பு மண்ணைப் பகிர்ந்துகொள்ளும் மக்கள் மாந்தையில் ஒரு வளைவுக்காகச் சண்டை பிடித்தது வெட்கக்கேடு. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

தாம்போதியைக் கடந்தால் மன்னார்த் தீவு. பாலம் முடியும் இடத்தில் கோட்டை. கொன்ஸ்தந்தீனோ டி பிரகன்சா என்ற போர்த்துக்கீச அரசப்பிரதிநிதி 1560இல் யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்து, அங்கே நிலைக்க முடியாமல் மன்னாரைப் பிடித்துக் கட்டத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கொள்ளையடித்தவற்றுள் புத்தரின் தந்தம் என்று சொல்லப்பட்ட ஒன்றும் இருந்தது. பெகு நாட்டு அரசன் அதற்குப் பெருந்தொகை கொடுக்க முன்வந்தான். பிரதிநிதிக்கு விற்க ஆசை. கோவாவின் பேராயர் அதை உரலில் இடித்து நெருப்பில் போட்டு ஆற்றில் கரைத்தார். உண்மைத் தந்தம் அதுவல்ல, அது எப்போதும் பத்திரமாகத்தான் இருந்தது என்பது பௌத்தரின் நம்பிக்கை.

புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்களை இந்தக் கோட்டையின் நிழலுக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களோடு தொடர்புடையவர் அண்டிரிக் அடிகளார். மன்னாரிலும் முத்துக்குளித்துறையிலும் அரை நூற்றாண்டு வாழ்ந்து, தமிழைப் பேசவும் எழுதவும் முறையாகப் படித்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கச் சிறுநூல். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான்.

அவருக்கு முன்னால் வந்த சவேரியாருக்கு அந்தத் தமிழறிவு இல்லை. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில் அகப்பட்ட பரதவர், போர்த்துக்கீசர் பாதுகாப்புக்காக ஊர்த்தலைவர்களின் தீர்மானப்படி ஏறக்குறைய இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அதன்பின் அவர்களை எட்டிப் பார்க்க ஆளில்லை. 1542இல் வந்த சவேரியார் மந்திரங்களைப் பிறர் உதவியால் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது என்று அவரே எழுதினார். பிள்ளைகள் சாமி சிலைகளை உடைத்ததை மகிழ்ச்சியோடு எழுதியவரும் அவரேதான். இரண்டும் ஒரே மனிதர்.

*

மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் வீதியில் கொஞ்சத் தூரம் போனால் தோட்டவெளி. பனையும் மணலும், வீதியோரம் வெயிலில் நிற்கும் கழுதைகள். வேதசாட்சிகள் இராக்கினி ஆலயம் அமைதியான வளவுக்குள் இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான், பட்டிம் என்று போர்த்துக்கீச எழுத்துகள் சொல்லும் ஊரில், 1544இல் அந்தக் கொலை நடந்தது.

முத்துக்குளித்துறையில் நடப்பதைக் கேள்விப்பட்ட மன்னார்க் கரையோர மக்கள் சவேரியாருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வர முடியாமல் ஒரு குருவை அனுப்பினார். ஊர் ஞானஸ்நானம் பெற்றது. மன்னார் யாழ்ப்பாண அரசின் நிலம். சங்கிலி மன்னன் படையோடு வந்தான். விட்டுவிடு என்றான், விடமாட்டோம் என்றார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக அறுநூறு முதல் எழுநூறு பேர் வெட்டப்பட்டார்கள்.

சங்கிலியை அரக்கன் என்று கத்தோலிக்க நூல்கள் எழுதின. தமிழரசைக் காத்த வீரன் என்று வேறு சிலர் எழுதினார்கள். அவன் பக்கத்தில் ஒரு நியாயமான பயம் இருந்தது. எதிர்க்கரையில் ஞானஸ்நானத்தோடு முத்துச் சலாபமும் வரியும் போர்த்துக்கீசரிடம் போனதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பயம் பின்னால் உண்மையாகவும் ஆயிற்று. ஆனாலும் நிராயுதபாணிகளான மீனவரையும் கைக்குழந்தைகளையும் வெட்டியதற்கு அது சமாதானமாகாது. சவேரியார் தண்டனை கேட்டு எழுதினார், நாகப்பட்டினத்தில் கப்பற்படைக்காகக் காத்திருந்தார். பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீச அரசின் சரக்குக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிச் சங்கிலியின் கையில் சிக்கியது. சரக்கை மீட்கும் பேச்சில் படையெடுப்பு கைவிடப்பட்டது. அறுநூறு உயிரைவிட அந்தச் சரக்கு கனமாக இருந்திருக்கிறது.

இறந்தவர்களின் பெயர்கள் எதுவும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்று மாதக்கணக்குத்தான். சமயத்தின் சாத்திரம் அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? மந்திரம் நாலைந்து தெரிந்திருக்கலாம். அவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நம்பிக்கை சாவுக்குத் துணியும் அளவுக்கு எப்படி இறங்கியது என்பதற்கு அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம் எல்லாம் சொல்லிப் பார்த்தாலும் மிச்சம் ஒன்று இருந்துகொண்டேயிருக்கிறது.

மேலும் போனால் பேசாலை. மீன்வாடி, கருவாட்டுப் பந்தல், பெரிய கோயில். ஆளுயர உடக்குகளை, அதாவது பொம்மைகளை வைத்துப் பாஸ்கு என்னும் திருப்பாடுகளின் நாடகம் நடத்துவது இந்த ஊரின் மரபு. மன்னார் மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களுக்கு நாட்டுக்கூத்தும் சொந்தம். எண்டிறீக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி என்று ஐரோப்பிய அரசர்களும் விவிலிய ஞானிகளும் மத்தளமும் தாளமும் கேட்டு வட்டக்களரியில் ஆடினார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ஏட்டுப் பிரதிகளைத் தேடி இவற்றில் சிலவற்றை அச்சேற்றினார். கூத்து எந்தச் சமயத்துக்கும் முந்தியது. அண்ணாவியாரின் ஆட்டமும் தருவும் மாறவில்லை, மேடைக்கு வரும் ஆள் மட்டும் மாறினான்.

மடுத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் இலட்சக்கணக்கானோர் போகிறார்கள். அவர்களில் மிகப் பலர் சந்தியிலேயே வந்த வழி திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கொஞ்சம் நேரம் ஒதுக்கி மன்னார் வரை போய்வாருங்கள். தோட்டவெளிக்குப் போகிற சைவரும் திருக்கேதீச்சரத்துக்குப் போகிற கத்தோலிக்கரும் இன்னும் அதிகமாக வேண்டும். இரண்டும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன.